அவர் சொன்னார், நான் சிரித்தேன்

மேஸ்திரி எதையாவது சொல்லிவிட்டு முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். நான் சிரித்துவிட்டால் அந்தப் பேச்சு தேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பக்கம் திரும்புவார். தன் பேச்சுக்குத் தானே சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, காதில் செருகிய பென்சிலைத் தொட்டபடி காத்திருப்பார்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில் இருந்தது எங்கள் பட்டறை. தோல் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி செய்து கொடுப்போம். வெளிநாட்டுக்குப் போகிற பெல்ட்டும் பர்ஸும் விலை கூடிய ஷூவும் அந்தப் பெட்டிகளில்தான் போகும். ஆணி கூடாது, ஸ்குரு கூடாது. மூலைக்கு மூலை மரத்தோடு மரம் பல் கோத்து நிற்க வேண்டும். வெட்டுவது, இழைப்பது, பாலிஷ் போடுவது என்று ஒன்பது பேர் இருந்தோம். எனக்குக் கடைசி வேலை. மூடி சரியாக மூடுகிறதா, மூலையில் சந்து தெரிகிறதா என்று பார்த்து, உள்ளே வெல்வெட் துணி ஒட்டி அனுப்புவேன். முதலாளி பாய் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து போவார். மற்ற நேரமெல்லாம் மேஸ்திரியின் ராஜ்யம்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மரத்தைக் கையில் எடுத்தாலே அது எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லிவிடுவார். மரத்தூள் பறக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயந்திரம் அதே வெள்ளையோடு போவார். சட்டைப் பையில் பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து கிழித்த அட்டைத் துண்டு ஒன்று இருக்கும். யாராவது ஜாயிண்ட் போட்டு முடித்தால் அந்த அட்டையை எடுத்து இடுக்கில் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான்.

மிஷினில் வெட்டுகிற கோபாலின் பெட்டியில் ஒருநாள் அட்டை நுழைந்தது. மேஸ்திரி பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"கோபாலு, உள்ள எறும்பு குடும்பம் நடத்துதுடா. பொண்டாட்டி எறும்பு முழுகாம வேற இருக்குது, மெதுவா வையி."

பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து கோபாலுக்கு எறும்பு என்று பெயர். லாரி டிரைவர்கள்கூட எறும்பு இருக்கானா என்றுதான் கேட்பார்கள். அதே கோபாலின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் ஜாஸ்தியாகப் போய் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தவரும் மேஸ்திரிதான். திரும்பி வந்து எல்லார் முன்னாலும், "டேய் எறும்பு, இனிமே உன் வூட்டுக்காரி உடம்புல ஓடறது என் ரத்தம். சண்ட போட்டா மரியாதையா போடு" என்றார். கோபால் கண்ணில் தண்ணீரோடு சிரித்தான். அவரை வெறுக்கவும் முடியாதபடி இப்படி எதையாவது செய்து வைப்பார்.

பாலிஷ் போடுகிறவர் ஒருவருக்குத் திக்குவாய். அவருக்கு 'ரிப்பீட்' என்று பெயர் வைத்தார். அந்த மனிதர் வாயைத் திறந்தால் போதும், மேஸ்திரி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "மெதுவா சொல்லுப்பா, அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது." ஒரு வருடத்தில் அவர் பட்டறைக்குள் பேசுவதையே நிறுத்திவிட்டார். டப்பாவைக் காட்டுவார், விரலைக் காட்டுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பஜாரில் அவர் மீன் வாங்குவதைப் பார்த்தேன். மீன்காரம்மாவோடு சத்தமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் திக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, இரண்டு விரலைக் காட்டி இரண்டு மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மட்டும் மேஸ்திரி பெயர் வைக்கவில்லை. என் கழுத்தில் வலது பக்கம் காதுக்குக் கீழிருந்து தோள்வரை வெண்திட்டு இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அதற்காகப் பட்டதெல்லாம் பட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். முதல் நாள் மேஸ்திரி அதைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். அன்றே அவர் யாரையோ ஏதோ சொன்னார், எனக்குத் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே பெரிய சிரிப்பு, அடக்கத் தெரியாது. அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சந்தோஷம் இருந்தது. அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. நான் சிரிக்கிறவரைக்கும் என் கழுத்து பத்திரம். ஒன்பது வருடம் அந்தத் திட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்பது வருடமும் நான் சிரித்தேன்.

எஸ்தர் எங்களிடம் வந்து சேர்ந்தது என்னுடைய ஆறாவது வருடத்தில். ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் மேல்தோல் தைத்தவள், ஆள் குறைத்தபோது வெளியே வந்தாள். இங்கே அவளுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே வந்திருக்கும், நடுவில் ஒரு இடைவெளி. அதைப் பற்றி அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. யார் என்ன சொன்னாலும் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாள். ஐந்து மாதமாகியும் மேஸ்திரி அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவர் நல்லதாக ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது.

அப்போது ஒரு புது ஆர்டர் வந்தது. பெல்ட் வைக்கிற சின்னப் பெட்டி. மூலை ஒவ்வொன்றுக்கும் ஆறு மில்லி அகலத்தில் பொடிப் பொடிப் பற்கள். கோபால் ஒவ்வொரு பல்லையும் பென்சிலால் கோடு போட்டு, கண்ணால் பார்த்து மிஷினில் தள்ளி வெட்டினான். ஒன்று இறுகும், ஒன்று ஆடும். பத்துப் பெட்டிக்கு நாலு திரும்பி வந்தது. சந்து விழுந்த இடத்தையெல்லாம் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துத் தேய்த்து மறைக்க வேண்டியவள் எஸ்தர். அவள் விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போவதால் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் கொஞ்சம் நீளும். மேஸ்திரி அன்றைக்கு பிரியாணி சாப்பிட ஆம்பூருக்குப் போய்விடுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எஸ்தர் கோபாலிடம் போய் நின்றாள்.

"ண்ணா, தையல் மிஷின்ல கைடுன்னு ஒண்ணு வச்சிருப்போம். ஓரத்துலேர்ந்து எவ்ளோ தள்ளித் தைக்கணுமோ அவ்ளோ தூரத்துல அத முடுக்கிட்டா போதும். கண்ணால பாக்க வேணாம். தோலு அதுல ஒரசிக்கினே போவும், தையல் நேரா வுழும். இதுக்கும் அப்டி ஒண்ணு வச்சா இன்னா?"

"மரத்துக்கு எப்டிம்மா வைக்கிறது?"

"நீ மிஷின மட்டும் போடு. நான் சொல்றேன்."

பெண்கள் மிஷினைத் தொடக்கூடாது என்பது பட்டறையில் எழுதாத சட்டம். அதனால் அவள் சொல்லச் சொல்ல கோபால் செய்தான். மிஷின் மேசையில் மரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற தடுப்பு ஒன்று உண்டு. அதன் முகத்தில் கழிவு பிளைவுட் பலகை ஒன்றை நிற்க வைத்து, பள்ளம் எடுக்கிற தடித்த பிளேடில் ஒருமுறை ஓட்டினார்கள். பலகையின் அடியில் ஆறு மில்லிக்கு ஒரு வெட்டு விழுந்தது. அந்த வெட்டுக்குள் கச்சிதமாக உட்காருகிற மாதிரி வேங்கை மரத்தில் ஒரு குச்சி சீவினாள். அதையே இரண்டாக நறுக்கி, ஒன்றை வெட்டில் ஒட்டினாள். பலகையைக் கழற்றிப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒட்டிய குச்சிக்கும் பிளேடுக்கும் நடுவில் மற்ற துண்டைச் செருகி, தூரம் சரியாக ஒரு குச்சி அகலம் இருக்கும்படி பார்த்து, பலகையை மறுபடி ஸ்குரு போட்டு முடுக்கச் சொன்னாள். அவ்வளவுதான். இனி மரத்தைக் குச்சியோடு ஒட்டி நிறுத்தி ஒரு வெட்டு. விழுந்த வெட்டைக் குச்சியின் மேல் மாட்டி அடுத்த வெட்டு. அதை மாட்டி அதற்கடுத்தது. பென்சிலும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

முதல் மூலை இறுகிக்கொண்டு உள்ளே போகவில்லை. எஸ்தர் பர்ஸிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் தடிமன் அளவுக்குக் குச்சியைப் பிளேடு பக்கம் நகர்த்தச் சொன்னாள். இரண்டாவது மூலையை உள்ளங்கையால் தட்டியதும் டப்பென்று போய் உட்கார்ந்துகொண்டது. கோபால் அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துப் பார்த்தான். நானும் வாங்கிப் பார்த்தேன். மூலை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. எஸ்தர் கையைத் தட்டிக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

மேஸ்திரி வந்தார். மூலையை எடுத்து அட்டையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அட்டையின் மறுமுனையைத் திருப்பி இன்னொரு தடவை முயன்றார். பிறகு மிஷின் பக்கம் போய்க் குனிந்து அந்தக் குச்சியையும் வெட்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"யாரு யோசன?"

"எஸ்தருது மேஸ்திரி" என்றான் கோபால்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் பென்சிலைத் தொட்டார்.

"நெனச்சேன். ரெண்டு பல்லு, நடுவுல ஒரு சந்து. கண்ணாடியப் பாத்து அளவெடுத்துக்கினு வந்துட்டியா?"

என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். பொய்யாகச் சிரிக்கவில்லை, நிஜமாகவே சிரிப்பு வந்தது. அதுதான் விஷயம். அவர் சொன்னதும் குச்சியைப் பார்த்தேன், அவள் வாயைப் பார்த்தேன், அப்படியே இருந்தது.

அன்றோடு அந்தக் குச்சிப் பலகைக்கு 'பல்லு' என்று பெயர். "பல்ல மாட்டுடா." "பல்லுல தூசி அடச்சிக்கிச்சு, ஊது." "பல்லு ஆடுது, ஸ்குரு போடு." ஒவ்வொரு முறையும் ஒரு சிரிப்பு. பெட்டி திரும்பி வருவது நின்றுவிட்டது. பாய் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாமானுக்கு வேறு பெயர் இல்லாததால் கொஞ்ச நாளில் எஸ்தரும், "ண்ணா, பல்லு எங்க?" என்று கேட்க வேண்டியதாயிற்று. அப்படிக் கேட்டுவிட்டு அவளே சிரித்துவைப்பாள், மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால். பிறகு பார்த்தால், சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது. பிறகு சிரிப்பதும் குறைந்தது. சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தாள்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அவுரு அப்டித்தான் எஸ்தர், மனசுல ஒண்ணும் வச்சிக்கமாட்டாரு" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சென்னையிலிருந்து ஆர்டர் கொடுத்த கம்பெனியின் அம்மா ஒருவர் பட்டறையைப் பார்க்க வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மிஷின் அருகில் நின்றுவிட்டார். கோபால் நாலு வெட்டு வெட்டிக் காட்டினான். "ரொம்ப சிம்பிளா இருக்கே. யார் செஞ்சது?" என்று கேட்டார். "எங்க மேஸ்திரிதாங்க" என்றார் பாய்.

மேஸ்திரி கையை எடுத்துக் கும்பிட்டார். "நான் இல்லீங்கம்மா. பொய் சொல்லக்கூடாது. எங்க பட்டறையில ஒரு பொண்ணு செஞ்சது." திரும்பிக் கூப்பிட்டார். "எஸ்தர், இங்க வாம்மா."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எஸ்தர் கையிலிருந்த தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா, "நீங்களா? வெரி குட்" என்று கை கொடுத்தார். பல மாதத்துக்குப் பிறகு எஸ்தர் கையால் மறைக்காமல் முழுதாகச் சிரித்தாள்.

"அப்டியே இரும்மா, வாய மூடாத" என்றார் மேஸ்திரி. "பாத்துக்குங்க மேடம், டிசைன் இங்கேர்ந்துதான் வந்துச்சு."

பாய் சிரித்துவிட்டார். பாலிஷ்காரர்கூட வாய்விட்டுச் சிரித்தார். சென்னை அம்மா முதலில் புரியாமல், புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி என்னைப் பார்க்கும் முன்பே நான் சிரித்து முடித்திருந்தேன். எஸ்தரின் வாய் அப்படியே திறந்திருந்தது, மூடலாமா கூடாதா என்று தெரியாத மாதிரி.

நாலு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தண்ணீர் குடிக்கக் கைக்குட்டையை எடுத்தபோது பார்த்தேன். முன்பற்கள் இரண்டும் இல்லை. வேலூருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மேஸ்திரியும் பார்த்தார். கோபால் மிஷினை நிறுத்திவிட்டான். இன்றைக்கு அவர் எதுவும் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். பென்சிலைத் தொட்டார்.

"டேய் எறும்பு, பல்ல நல்லாப் பாத்துக்கடா. ஸ்பேர் கெடைக்காது."

என்னைப் பார்த்தார். நான் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். தலையைக் குனிந்தேன். ஆனால் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எஸ்தர் அந்தச் சனிக்கிழமை வரைக்கும் வேலை செய்தாள். திங்களிலிருந்து வரவில்லை. அவள் செய்த பலகை மட்டும் அங்கேயே இருந்தது. குச்சி தேய்ந்தபோது மேஸ்திரியே புதிதாகச் சீவி ஒட்டினார்.

மூன்று வருடம் கழித்து நானும் அந்த வேலையை விட்டேன். பிறகு ஒருமுறை காட்பாடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஸ்டேஷன் வாசலில் எஸ்தரைப் பார்த்தேன். பல் கட்டியிருந்தாள், வரிசையாக, சின்னதாக. வேறு யாரோ மாதிரி இருந்தாள். ராணிப்பேட்டை பக்கம் ஒரு பட்டறையில் இருக்கிறாளாம், மிஷினில் அவளேதான் வெட்டுகிறாளாம். நன்றாகத்தான் பேசினாள். டீ வாங்கிக் கொடுத்தாள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்த மனுசன் வாய்க்குப் பயந்து நீ பல்ல புடுங்கியிருக்க வேணாம் எஸ்தர்" என்றேன்.

அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அவுரு சொல்லும்போது நான் அவர என்னிக்குமே பாத்ததில்லக்கா" என்றாள். "உன்னதான் பாத்துக்கினு இருப்பேன். இன்னிக்காவது சிரிக்காம இருப்பியான்னு."

ரயில் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போன வருடம் கோபால் போன் செய்தான். மேஸ்திரிக்குச் சர்க்கரை முற்றி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். சொந்த ஊரான கலவையில்தான் இருக்கிறாராம். "உங்களப் பத்தியே கேக்குறாருக்கா. ஒரு தபா போய்ப் பாருங்க."

போனேன். வீட்டு முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, பெரியதாகத் தொங்கியது. முகம் வற்றிப்போய்க் காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.

"வாம்மா" என்றார் மேஸ்திரி. நான் உட்காரும்வரை பொறுத்திருந்தார். பிறகு போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். "பாத்தியா? ஆம்பூரு முழுக்க பேஜாராப் போச்சு. எனக்கு இனிமே ஒத்தச் செருப்புதான் வேணும்னதும் கம்பெனிக்காரன்லாம் கூடிப் பேசறான், இன்னொரு செருப்ப யார் தலையில கட்டறதுன்னு."

உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் டீயைக் குடித்தேன்.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ என்று நினைத்திருப்பார். கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னார். இந்தத் தடவை கடைசியில், "அதுக்கும் ஒரு ஒத்தக்கால் மாப்ளைய தேடிக்கினு இருக்கான், வலது கால் இல்லாதவனா" என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். காத்திருந்தார். காதோரம் கை போனது. அங்கே பென்சில் இல்லை.

உள்ளே போகிற வாசலில் நின்றிருந்த அவர் மனைவி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "கொஞ்சம் சிரிச்சிடும்மா. நீ வர்றேன்னு சொன்னதுலேர்ந்து இத சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு இருந்தாரு."

எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. நான் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே மீதி டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். "மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "போடறேன்" என்றார்.

பஸ் ஏறி ஜன்னல் ஓரம் இடம் பிடித்தேன். ஊரைத் தாண்டியதும் அவர் சொன்ன அந்த வலது கால் இல்லாத மாப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்தான். இரண்டு பேரும் ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு கடையைவிட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடியும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, எதுனா நல்ல சேதியா?"

"ஆமாம்மா" என்றேன்.